தலையும் வாலும் இல்லாத மீன்: கண்டியிலிருந்து பதுளை வரை

மார்ச் 4, புதன் – கண்டி

இலங்கையின் மலைநாட்டுக்குக் கடல் முழுசாக ஏறி வருவதில்லை. நீர்கொழும்பிலோ பேருவளையிலோ லொறியில் ஏறும்போதே பெரிய மீன்களின் தலையும் குடலும் போய்விடும். தலைக்கு எடை அதிகம், விலை குறைவு, முதலில் கெடுவதும் அதுதான். அந்த இடத்துக்கு ஐஸ் போட்டால் மிச்சச் சதையாவது விடிகாலை வரை தாங்கும். ஆகவே கண்டி மத்திய சந்தையில் பலகை மேல் கிடப்பதில் பாதி நடுத்துண்டுதான்.

கடல் உயிர்களை அடையாளம் காட்டும் கையேடுகள் எல்லாம் முழு உடலில்தான் தொடங்கும்: வாய் எப்படி, முதுகுத் துடுப்பு எங்கே, நிறம் என்ன என்று. இங்கே அந்த மூன்றும் இருக்காது. தோல், முள், குருத்தெலும்பு, வாலடி, ஓடு என்று வேண்டாதவையே மிஞ்சும். அவற்றை மட்டும் வைத்து எவ்வளவு தூரம் போக முடியும் என்று பார்க்கத்தான் இந்தப் பயணம். பையில் இருப்பவை: பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், கூர் முனைச் சிமிட்டா, 15 செ.மீ. அளவுகோல், வெள்ளைப் பீங்கான் தட்டு, சின்னப் போத்தலில் வினாகிரி.

மார்ச் மாதம் இதற்கு நல்ல காலம். மேற்கிலும் தெற்கிலும் கடல் அமைதி, மீன் வரத்து அதிகம். மே மாதம் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கினால் அந்தக் கரைகளில் மீன்பிடி குறைந்து, திருகோணமலை, மட்டக்களப்புப் பக்க மீன் கூடும். அப்போது இதே பலகையில் வேறு முகங்கள்.

இன்று கணவாயில் தொடங்கியது. கடைக்காரர்களுக்கு எல்லாமே 'தெல்லோ', கிலோ 1,800 ரூபா. முழுசாக இருந்தால் பிரிப்பது சுலபம். முதுகை விரலால் அழுத்தினால் உள்ளே தடித்த வெள்ளை ஓடு தட்டுப்பட்டால் ஓட்டுக்கணவாய். கண்ணாடித் தாள் மாதிரி வளையும் மெல்லிய தண்டு இருந்தால் ஊசிக்கணவாய். ஒன்றுமே இல்லாமல் எட்டுக் கைகள் மட்டும் என்றால் பேய்க்கணவாய். சுத்தம் செய்து வளையமாக வெட்டி விற்கும்போதுதான் குழப்பம், ஏனென்றால் ஓடும் தண்டும் அதற்குள் குப்பைக்கூடையில். அப்போது ஒரே ஒரு கைத்துண்டு கிடைத்தால் போதும். உறிஞ்சியை லென்ஸில் பாருங்கள். ஊசிக்கணவாயிலும் ஓட்டுக்கணவாயிலும் ஒவ்வொரு உறிஞ்சியும் குட்டைக் காம்பின் மேல் நிற்கும், விளிம்பில் கடினமான வளையம் இருக்கும். ஊசிக்கணவாயில் அந்த வளையத்தில் பற்களையும் காணலாம். பேய்க்கணவாயின் உறிஞ்சிக்குக் காம்பும் இல்லை, வளையமும் இல்லை, சதையோடு சதையாக ஒட்டியிருக்கும்.

பிற்பகல் திகன வரை போய் வந்தது. வெயில் சுள்ளென்று இருந்தது. அங்கே வெட்டி எடுக்கும் சுண்ணக்கல் மிகப் பழைய கடலடிப் படிவுதான். ஆனால் பூமிக்குள் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் பளிங்காக மாறிவிட்டதால் அதில் சிப்பி, பவளம் எதுவும் மிஞ்சவில்லை. கல்லில் கடல் உயிரைத் தேடுபவர்கள் யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லுக்குத்தான் போக வேண்டும்.

மார்ச் 5, வியாழன் – ஹட்டன்

நாவலப்பிட்டி தாண்டியதும் பஸ் ஜன்னலை எல்லோரும் இழுத்து மூடிவிட்டார்கள், அவ்வளவு குளிர். ஹட்டன் டவுனில் இறங்கியதும் பிளேன்ட்டி 50 ரூபா, பருப்பு வடை 60 ரூபா. வடை சூடாக இருந்தது, உள்ளே காய்ந்த மிளகாய் தாராளம்.

மீன்கடையில் தலபத் என்ற மயில்மீன் கிலோ 2,400, பலயா என்ற சூரை 1,100, சாலயா என்ற சாளை 450. தலபத் என்று வெட்டி வைத்திருந்த இரண்டு குவியலில் ஒன்றின் துண்டு ஒடுக்கமாக, மற்றது உருண்டு தடித்து இருந்தது.

"ரெண்டும் ஒரே மீனா அண்ணே?"

"ஒண்ணு கொப்பராங்க. ஆனா தலபத்துன்னு சொன்னாத்தான் எடுப்பாங்க. வாலப் பாக்கணுமா, இந்தாங்க."

காலடிக் கூடையிலிருந்து இரண்டு வாலடிகளை எடுத்துக் கழுவித் தட்டில் வைத்துக் கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

இந்த வாலடிதான் பெரிய மீன்களின் அடையாள அட்டை. வால் துடுப்பு தொடங்கும் இடத்தில், பக்கவாட்டில், தோல் மேடாகப் புடைத்திருக்கும். விரலை மேலிருந்து கீழாக ஓட்டி எண்ணுங்கள். ஒரு பக்கத்துக்கு இரண்டு மேடு இருந்தால் தலபத் அல்லது கொப்பரா எனும் மார்லின். ஒரே ஒரு பெரிய மேடு என்றால் வாள்மீன். நடுவில் ஒரு பெரிய மேடும் அதன் பின்னால் மேலும் கீழும் இரண்டு சின்ன மேடும் என்றால் கெலவல்லா, பலயா இருக்கும் சூரைக் கூட்டம். இன்று கிடைத்த இரண்டிலும் இரட்டை மேடு, ஆக வாள்மீன் இல்லை. தலபத்தையும் கொப்பராவையும் பிரிக்க வெட்டு முகத்தைப் பார்க்க வேண்டும்: தலபத்தின் உடல் பக்கவாட்டில் ஒடுங்கியது, கொப்பரா தடித்தது. தோலையும் நகத்தால் சுரண்டிப் பார்க்கலாம். கொப்பராவின் தோலுக்குள் ஒடுங்கிய, கூரான எலும்புச் செதில்கள் புதைந்திருக்கும். வளர்ந்த வாள்மீனுக்குச் செதிலே கிடையாது. மூக்குக் கொம்பு கிடைத்தால் அதைவிடச் சுலபம்: வாள்மீனின் கொம்பு வெட்டு முகத்தில் தட்டை, மற்றவற்றில் உருண்டை. தோலை உரித்துச் சதையை மட்டும் பொதி செய்துவிட்டால் கண்ணால் பிரிக்க வழியில்லை, மரபணுச் சோதனைதான்.

இந்த மீன்களை வாங்குபவர்கள் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். சூரை இனங்களிலும் கொப்பராவிலும் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். வழியில் ஐஸ் உருகிச் சூடு ஏறினால் பக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். சமைத்தாலும் பொரித்தாலும் ஹிஸ்டமின் அழியாது. முகம் சிவப்பது, தலையிடி, உடல் அரிப்பு எல்லாம் சாப்பிட்ட சில நிமிடத்திலிருந்து ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் வரும். மணத்தை மட்டும் நம்ப முடியாது. நாக்கில் மிளகு கடித்த மாதிரிக் காரம் தெரிந்தால் அந்தத் துண்டைத் துப்பிவிடுங்கள். கொறுக்காய்ப் புளி அரைத்துப் பூசி வேகவைக்கும் பழக்கத்துக்கு இங்கே நல்ல காரணம் உண்டு, அந்த அமிலத்தில் பக்டீரியா வேலை செய்யத் தடுமாறும். ஆனால் ஏற்கெனவே உண்டாகிவிட்ட ஹிஸ்டமினைப் புளி ஒன்றும் செய்யாது.

பக்கத்துக் கடையில் சுறா. தேயிலைத் தோட்டங்களில் பிள்ளை பெற்றவர்களுக்குச் சுறாப் புட்டு செய்து கொடுப்பதால் குட்டிச் சுறாவுக்கு எப்போதும் கிராக்கி. துண்டாக இருந்தாலும் சுறாவைத் தவறவிட முடியாது: விலா எலும்பு இல்லை, நடுவில் ஒரே ஒரு வட்டமான குருத்தெலும்பு முள்ளந்தண்டு, தோலை வாலிலிருந்து தலைப் பக்கம் தடவினால் விரல் சிராய்க்கும். அந்தச் சொரசொரப்பு ஒவ்வொன்றும் பல்லின் அமைப்பில் உள்ள நுண்செதில். சதையிலிருந்து அமோனியா மணம் வருவதற்குக் காரணம் அதன் இரத்தத்தில் இருக்கும் யூரியா. செத்த பின் பக்டீரியா அதை உடைக்கிறது. லேசான மணம் என்றால் எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரில் அரை மணி நேரம் வைத்தால் போய்விடும். கண் எரிந்தால் வாங்காதீர்கள்.

முழுக் குட்டியாக இருந்தால் வயிற்றுப் பக்கம் திருப்பி, இரண்டு மார்புத் துடுப்புக்கும் நடுவில் பாருங்கள். குட்டி போடும் பல சுறா இனங்களில் புதிதாகப் பிறந்ததற்கு அங்கே தொப்புள் வடு இருக்கும், ஒரு சின்ன நீளக் கீறல். நாள் போகப் போக மூடி மறைந்துவிடும். இன்று பலகையில் முழங்கை நீளத்தில் அடுக்கி வைத்திருந்த குட்டிகளில் அந்தக் கீறல் இன்னும் சிவப்பாகத் திறந்தே இருந்தது. பிறந்து சில வாரம் ஆன குட்டிகள் அவை. பல சுறா இனங்கள் ஒரு ஈற்றில் ஒரு சில குட்டிகளே போடும், முதிர்ச்சிக்கு வரவும் பல வருடம் எடுக்கும். வடு திறந்திருக்கும் குட்டியை வாங்காமல் விடுங்கள். புட்டுக்குச் சூரையும் நன்றாகவே உதிரும்.

உடலளவு நீள வால் கொண்ட கசைவால் சுறாவைப் பிடிக்க இலங்கையில் 2012 முதல் தடை. அந்த வாலை வெட்டி எறிந்துவிட்டால் மிஞ்சும் முண்டத்தை மற்றச் சுறாவிலிருந்து பிரிப்பது மிகக் கடினம். துடுப்புகள் உடலோடு சேர்ந்தே கரைக்கு வர வேண்டும் என்ற விதி எவ்வளவு அவசியம் என்பது மலைநாட்டுப் பலகை முன்னால் நின்றால் உடனே விளங்கும்.

திருக்கை கிலோ 1,200. இறகு போன்ற பக்கத் துண்டுதான் வருகிறது. உள்ளே குருத்தெலும்புக் குச்சிகள் விசிறி மட்டையாக விரிந்து போகும், வேறு எந்த மீனிலும் இப்படி இல்லை. வாலோடு இருந்தால் வாலைத் தொடாதீர்கள். மேல்புறத்தில் அரம் மாதிரிப் பல் வைத்த முள் இருக்கும், நஞ்சு அதன் அடிப்பக்கப் பள்ளங்களில் உள்ள திசுவில். மீன் செத்து ஐஸில் கிடந்தாலும் முள் ஏறினால் நஞ்சு வேலை செய்யும். குத்திவிட்டால் முள்ளின் துணுக்கு உள்ளே இருக்கிறதா என்று பார்த்து, பொறுக்கக்கூடிய சூட்டில், ஏறத்தாழ 45 பாகைச் செல்சியஸ் தண்ணீரில், வலி அடங்கும் வரை அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் கையை வைக்க வேண்டும். அந்த நஞ்சு புரதம், சூட்டில் செயலிழக்கும். பிறகு ஆஸ்பத்திரி. நெஞ்சிலோ வயிற்றிலோ குத்தினால் வெந்நீர் வைக்க நேரம் கடத்தாமல் நேரே ஆஸ்பத்திரி.

கருத்த முதுகும் வெள்ளை வயிறுமாகப் பெரிய இறகுத் துண்டு ஒன்று தனியாகக் கிடந்தது. மூக்குக்கு இரு பக்கமும் கொம்பு வைத்த கொம்புத் திருக்கை என்று சந்தேகப்பட நிறம் இடம் தருகிறது, ஆனால் கொம்பும் செவுளும் இல்லாமல் உறுதியாகச் சொல்ல முடியாது. அதன் செவுள் தட்டுகளைக் காயவைத்து வெளிநாட்டுக்கு அனுப்ப ஆள் இருப்பதால் அவை கரையிலேயே பிரிந்துவிடும். அந்த இனம் ஒரு தடவைக்கு ஒரே ஒரு குட்டிதான் போடும். 2016இல் ஜொஹான்னஸ்பர்க்கில் கூடிய, அருகிவரும் உயிரினங்களின் வியாபாரத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டிஸ் ஒப்பந்த மாநாடு அதன் சர்வதேச வியாபாரத்துக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது.

மார்ச் 6, வெள்ளி – தலவாக்கலை, நுவரெலியா

வெள்ளிக்கிழமை, பாதிப் பேர் மரக்கறி. கருவாட்டுக் கடைகளில் கூட்டம் இல்லாததால் நின்று பேச ஆறுதலாக நேரம் கிடைத்தது.

தலவாக்கலையில் மதியம் வரை வெயில். நுவரெலியா ஏறியதும் மூன்று மணிக்கே மூடுபனி இறங்கிவிட்டது. 1,868 மீட்டர் உயரம், லென்ஸ் பையிலிருந்து எடுத்த உடனே ஆவி பிடித்து ஒன்றும் தெரியவில்லை. சட்டைப் பைக்குள் உடம்புச் சூட்டில் பத்து நிமிடம் வைத்த பிறகே பயன்பட்டது.

கருவாட்டுக்கும் இதே ஈரம்தான் எதிரி. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுக்கத் தொடங்கும். கரையில் மொறுமொறுவென்று காய்ந்த கருவாடு இந்த மூடுபனியில் இரண்டு நாளில் வியர்த்துவிடும். வியர்த்த பின் இரண்டு கேடு வரும். இளஞ்சிவப்புப் படலம் உப்பை விரும்பும் பக்டீரியா, வழவழப்பும் கெட்ட மணமும் சேர்ந்து வரும். அப்படியானதைக் கழுவிச் சமைக்காமல் எறிவது நல்லது. கபில நிறத்தில் மிளகுப் பொடி தூவிய மாதிரிப் புள்ளி என்றால் பூஞ்சணம். லயன் எனும் தோட்டத்து வரிசை வீடுகளில் அடுப்புக்கு மேலே கருவாட்டைக் கட்டித் தொங்கவிடுவது இந்த ஊருக்கு மிகச் சரியான முறை: சூடும் புகையும் ஈரத்தை ஏற விடாது. பொலித்தீனில் கட்டிப் பலகையில் வைத்தால் வியர்வை உள்ளேயே நின்று கெட்டுவிடும். பத்திரிகைத் தாளில் சுற்றுங்கள், தாள் ஈரமானதும் மாற்றுங்கள்.

கடையில் தொங்கியவற்றில் நீளமான வெள்ளிப் பட்டை சாவாளை. வால் துடுப்பே கிடையாது, உடல் மெலிந்து நூலாக முடியும். நுனி ஒடிந்த கருவாட்டில் அதைப் பார்க்க முடியாது, அப்போது வாயைத் திறந்து முன்பக்கக் கோரைப் பற்களைப் பார்க்கலாம். கெளிற்றுக் கருவாட்டில் முதுகிலும் மார்பிலும் அரம் வைத்த தடித்த முள் தெரியும். இந்தக் கடல் கெளிற்றில் ஆண்தான் முட்டைகளை வாய்க்குள் வைத்து அடைகாக்கும், அவ்வளவு காலமும் இரை எடுக்காது.

எல்லோரும் அலட்சியமாகக் கடந்து போகும் காரல் கருவாட்டைத்தான் இன்று அதிக நேரம் பார்த்தது. 100 கிராம் 120 ரூபா, உள்ளங்கைக்குள் அடங்கும் தட்டை மீன். இதன் தொண்டைக் குழாயைச் சுற்றி வளையமாக ஓர் உறுப்பு உண்டு, அதற்குள் ஒளிவிடும் பக்டீரியாக்கள் குடியிருக்கும். அந்த ஒளி மீனின் வயிற்றுப் பக்கமாகக் கசியும், மேலிருந்து வரும் வெளிச்சத்தோடு கலந்து கீழே இருக்கும் எதிரிக்கு மீனின் நிழல் தெரியாமல் போகும். உப்பில் பக்டீரியா செத்துவிடுவதால் கருவாட்டில் ஒளி கிடையாது, வளையமும் சுருங்கி அடையாளம் தெரியாது. ஆனால் வாய் வேலை செய்யும். வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, மேல் உதட்டைச் சிமிட்டாவால் பிடித்து மெல்ல இழுங்கள். குழாயாக நீண்டு வரும். மேல்நோக்கி நீண்டால் ஒரு பேரினம், கீழ்நோக்கி நீண்டால் இன்னொன்று, நேர் முன்னே நீண்டு உள்ளே கோரைப் பல் தெரிந்தால் மூன்றாவது. ஒரே குவியலில் இன்று மூன்றுமே இருந்தன. ஊறாமல் இழுத்தால் உதடு ஒடிந்துவிடும். கொதிநீரில் போட்டால் சதை வெந்து பிரிந்துவிடும்.

இரவு தேங்காய் ரொட்டி, கட்டசம்பல், நெத்தலிப் பிரட்டல், 350 ரூபா. குளிருக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

மார்ச் 7, சனி – வெலிமடை வழி

பஸ்ஸில் திருக்கைக் கருவாட்டுப் பொதி மணக்கத் தொடங்கி, முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்தில் லீக்ஸ் சாக்கோடு உட்கார்ந்திருந்த அம்மா ஒருவர், "இங்க குடுங்க தம்பி" என்று பொதியை வாங்கி லீக்ஸுக்குள்ளே செருகிவிட்டார். பண்டாரவளை வரை வேறு யாரும் திரும்பவில்லை. இறங்கும்போது அவருக்கே அரைவாசி போய்ச் சேர்ந்தது.

மார்ச் 8, ஞாயிறு – பண்டாரவளை

ஞாயிறு சந்தை. சுற்றுத் தோட்டங்களிலிருந்து ஆட்கள் குடும்பமாக வந்திறங்கும் நாள். கூனி இறால் 100 கிராம் 180 ரூபா, நெத்தலி 100 கிராம் 150 ரூபா. கடலின் விசித்திர உயிர்களைப் படிக்க இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது. நுண் கண்ணி வலையில் கூனியோடு சேர்ந்து வந்தது எல்லாம் சேர்ந்தே காய்ந்து, சேர்ந்தே மலையேறி வருகிறது. அதுவும் தலையோடும் வாலோடும்.

தேத்தண்ணிக் கடை முதலாளி ஓரத்து மேசையைத் துடைத்துக் கொடுத்தார். செய்முறை: ஒரு மேசைக்கரண்டி கூனி, ஒரு கோப்பை வெதுவெதுப்பான நீர், 20 நிமிடம். மேலே மிதப்பதை முதலில் ஒரு தட்டில் எடுங்கள், மெல்லியவை அங்கேதான் இருக்கும். பிறகு மிச்சத்தை வெள்ளைத் தட்டில் அரை செ.மீ. ஆழத் தண்ணீரோடு பரப்புங்கள். தண்ணீர் இல்லாமல் பரப்பினால் கால்களும் உணர்கொம்புகளும் உடலோடு ஒட்டிக்கொள்ளும்.

பெரும்பான்மை அசெட்டஸ் என்ற கூனி. இரண்டு, மூன்று செ.மீ. நீளம், கறுப்புக் கண், நாலாவது ஐந்தாவது நடைக்கால் சோடிகள் கிடையாது. இங்கேதான் கவனம் வேண்டும்: காய்ந்த இறாலில் கால் ஒடிந்ததா, பிறவியிலேயே இல்லையா என்று ஒன்றைப் பார்த்துச் சொல்ல முடியாது. பத்துப் பன்னிரண்டைத் திருப்பிப் பாருங்கள். ஒடிந்த இடத்தில் குட்டை அடி நிற்கும். ஒன்றில்கூட அடி இல்லை என்றால் அசெட்டஸ். வால் விசிறியின் உட்புற இதழில் சிவப்புப் புள்ளிகள் உயிரோடு இருக்கும்போது தெளிவாகத் தெரியும், வெயிலில் காய்ந்ததில் மங்கி மறைந்துவிடும்.

அதே அளவில், அதே நிறத்தில் ஒன்று, ஆனால் வால் விசிறியின் உள் இதழில் கண்ணாடி மணி பதித்த மாதிரி ஒரு வட்டம். அது மைசிட் என்ற வேறு கூட்டம். மணி அதன் சமநிலைக் கல், நீரில் எது மேல் எது கீழ் என்று அதற்குச் சொல்வது. பெண்ணின் மார்புக்கு அடியில் குஞ்சு சுமக்கும் பை இருக்கும்.

சந்தைக்கு வந்த பிள்ளைகள் மேசையைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். "மாமா, இது குச்சியா?" என்று ஒரு பையன் மிதந்ததிலிருந்து எடுத்துக் காட்டியது லூசிஃபர். ஒரு செ.மீ. நீளம், ஊசித் தடிப்பு, உடலிலிருந்து கண்கள் மட்டும் நீண்ட கழுத்தின் முனையில் தள்ளி நிற்கும். கூனிக்கு உறவான இறால் வகை, வயது முழுக்க மிதந்தே வாழ்வது. கூனிக்குள் எளிதில் ஒடிவதால் முழுசாகக் கிடைப்பது அருமை. அந்தப் பையனின் கண்ணுக்குத்தான் அது பட்டது.

வேறு கிடைத்தவை: நண்டின் கடைசி இளம்பருவம், நண்டு மாதிரியே கொடுக்கு வைத்து, ஆனால் வயிறு மடியாமல் பின்னால் வாலாக நீட்டி நிற்பது. முன்னங்கால் மடிப்புக் கத்தியாக இருக்கும் கடல் வெட்டுக்கிளி இறாலின் குஞ்சு, கண்ணாடி மேலோடும் நீண்ட முட்களும். இலையாகத் தட்டைப்பட்ட விலாங்குக் குஞ்சு ஒன்று காய்ந்து தாளாகியிருந்தது, ஊறிய பிறகுதான் தசை மடிப்புகள் தெரிந்தன.

நெத்தலிப் பொதியில் இரண்டு கண்ணும் ஒரே பக்கம் வைத்த நாக்கு மீன் குஞ்சுகள் நாலைந்து. இவை பிறக்கும்போது இரு பக்கமும் கண் உள்ளவை, வளர வளர ஒரு கண் மண்டையைத் தாண்டி மறுபக்கம் வந்துவிடும். உடலைச் சுற்றி எலும்பு வளையங்களோடு ஒரு குழல்மீனும் இருந்தது. அதே வளையக் கவசத்தோடு வால் சுருண்டிருந்தால் கடல் குதிரை, வயிற்றில் பை இருந்தால் ஆண்.

பேத்தை மீன் குஞ்சும் வரும். இதைப் பற்றி அழுத்தமாகவே சொல்ல வேண்டும். உருண்ட உடல், வயிற்றில் குத்தும் முள், வாயில் கிளி அலகு மாதிரித் தட்டு. லென்ஸில் அலகின் நடுவே பிளவு தெரியும்: மேலே இரண்டு, கீழே இரண்டு. இதன் நஞ்சு டெட்ரோடோடொக்சின். வறுத்தாலும் கொதிக்க வைத்தாலும் போகாது, காய்ந்தாலும் போகாது. உதடும் நாக்கும் மரத்துப் போவதில் தொடங்கி மூச்சு நிற்பது வரை கொண்டுபோகும், மாற்று மருந்து கிடையாது. நெத்தலியைச் சட்டியில் போடுமுன் தட்டில் பரப்பித் தலை தலையாகப் பாருங்கள். உருண்டையாக ஒன்று கண்டால் எடுத்துக் குப்பையில் போடுங்கள், நாய் பூனைக்கும் கொடுக்காதீர்கள். கடை முதலாளி அதைக் கேட்டுவிட்டு, அடுக்களைக்குள் போய்த் தன்னுடைய நெத்தலி டப்பாவைக் கொண்டுவந்து மேசையில் கொட்டினார். அதில் பேத்தை இல்லை. தேத்தண்ணிக்குக் காசு வேண்டாம் என்றார், வற்புறுத்திக் கொடுக்க வேண்டியிருந்தது.

மார்ச் 9, திங்கள் – பதுளை

இறங்க இறங்க வெக்கை. பதுளை 680 மீட்டர்தான், மூன்று நாளாகக் கழற்றாத ஸ்வெட்டர் பைக்குள் போனது.

மருந்துச் சரக்குக் கடையில் கடல் நுரை கேட்டதும் பெரியவர் ஒரு டின்னை இறக்கினார். துண்டு 80 ரூபா. ஓட்டுக்கணவாயின் முதுகோடுதான் இது. நல்ல துண்டில் ஒரு பக்கம் கடினமான மேலோடு, மறுபக்கம் நகத்தால் சுரண்டினால் மாவாக உதிரும் மெல்லிய அடுக்குகள். அந்த அடுக்குகளுக்கு நடுவே நூற்றுக்கணக்கான நுண் அறைகள். உயிரோடு இருக்கும்போது கணவாய் அவற்றில் நீரையும் வாயுவையும் கூட்டிக் குறைத்துத்தான் நீந்தாமலே நிலையாக நிற்கும். எரிமலை நுரைக்கல்லும் இதே வெண்சாம்பல் நிறம், அதுவும் தண்ணீரில் மிதக்கும், ஆக மிதக்கவிட்டுப் பார்ப்பது சோதனை ஆகாது. ஒரு சொட்டு வினாகிரி விடுங்கள். கணவாய் ஓடு கல்சியம் காபனேற்று, உடனே நுரைக்கும். நுரைக்கல் அசையாது. பெரியவர் டின்னில் இருந்த ஏழெட்டுத் துண்டுக்கும் தானே சொட்டு விட்டுப் பார்த்தார், எல்லாம் நுரைத்தன.

பூசைச் சாமான் கடையில் வலம்புரிச் சங்கு என்று ஒன்று கண்ணாடிக்குள் இருந்தது, 45,000 ரூபா. கோயிலுக்கு வாங்குபவர்கள் ஏமாறும் இடம் இது, ஆகவே விரிவாகச் சொல்ல வேண்டும். கோயிலில் ஊதும் சங்கு மன்னார் வளைகுடாவிலும் யாழ்ப்பாணக் கடலிலும் கிடைக்கும் டர்பினெல்லா பைரம். சுருள் முனை மேலே, வாய் உங்களைப் பார்க்க நிமிர்த்திப் பிடித்தால் வழக்கமான சங்கின் வாய் உங்கள் வலது பக்கம் திறக்கும். வலம்புரியில் இடது பக்கம். அப்படிப் பிறப்பது மிக மிக அபூர்வம், விலை அதனால்தான். ஆனால் அமெரிக்காவின் கிழக்குக் கரையிலும் மெக்சிகோ வளைகுடாவிலும் வேறொரு சங்கு இனம் இருக்கிறது. அதில் எல்லாமே இயல்பாக இடது பக்கம்தான் திறக்கும். அதை வெளுத்து மெருகேற்றினால் பார்வைக்கு வலம்புரி.

பிரிக்கும் இடம் வாய்க்குள் இருக்கிறது. விளக்கைப் பிடித்து நடுத்தண்டின் ஓரத்தைப் பாருங்கள். உண்மையான சங்கில் அங்கே மூன்று அல்லது நான்கு தடித்த மடிப்புகள் குறுக்கே ஓடும், விரல் நுனியை உள்ளே விட்டால் படி படியாகத் தட்டுப்படும். அமெரிக்கச் சங்கில் அந்தப் படிகள் இல்லை, தண்டு வழவழவென்றே போகும். எடையும் துணை செய்யும், அதே அளவில் நம் சங்கு நன்றாகக் கனக்கும். கண்ணாடிக்குள் இருந்ததில் மடிப்பு இல்லை. கடைக்கார அக்கா விரலை விட்டுப் பார்த்து, பக்கத்துத் தட்டிலிருந்த 3,500 ரூபா சாதாரணச் சங்கிலும் விட்டுப் பார்த்து, ஒன்றும் பேசாமல் கண்ணாடிப் பெட்டியிலிருந்த விலைச் சீட்டை எடுத்துவிட்டார். கொழும்பில் மொத்தமாக எடுத்த இடத்தில் கேட்பதாகச் சொன்னார்.

அங்கேயே கோமதிச் சக்கரமும் இருந்தது, பத்து 500 ரூபா. தட்டைப் பக்கத்தில் சுருள் கோடு, மறுபக்கம் குமிழ். இது தனி உயிர் அல்ல, தலைப்பாகைச் சங்கு என்ற நத்தையின் வாய்மூடி. உயிர் உள்ளே இழுத்துக்கொண்டதும் கதவாக அடைத்துக்கொள்வது. சோழிக்கு இந்த மூடி கிடையாது. சோழி தன் மேல்சதையை வெளியே விட்டு ஓடு முழுவதையும் போர்த்திக்கொள்ளும், அதனால்தான் அதன் மேல் பாசி படியாமல் பளபளப்பு நிற்கிறது. மஞ்சள் சோழியில் முதுகில் ஆரஞ்சு வளையம் தெரிந்தால் அது வளையச் சோழி. வளையம் இல்லாமல் ஓரம் புடைத்துக் கோணலாக இருந்தால் ஒரு காலத்தில் மாலைதீவிலிருந்து வங்காளம் வரை பணமாகப் போன சோழி.

வீட்டில் சங்கு இருப்பவர்களுக்கு ஒன்று. எலுமிச்சை, புளி, வினாகிரி எதையும் வைத்துத் தேய்க்காதீர்கள். சங்கும் கல்சியம் காபனேற்றுத்தான், வெளுப்பது அழுக்கு மட்டுமல்ல, மேலோடும் கரைகிறது, மடிப்புகளின் விளிம்பும் மழுங்கும். வெறும் தண்ணீர், மென்மையான பல்துலக்கி, பிறகு நிழலில் கவிழ்த்துக் காயவைத்தால் போதும்.